பிள்ளையுடன் ஒரே மேடையில்: இங்கிலாந்தின் அமெச்சூர் இசை நாடகக் குழுவில் சேரும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் ஓரளவு பெரிய ஊர் எதுவானாலும் அங்கே ஓர் அமெச்சூர் இசை நாடகக் குழு இருக்க வாய்ப்பு மிகுதி. பகலில் ஆசிரியராகவும் செவிலியராகவும் கணக்காளராகவும் வேலை பார்ப்பவர்கள், மாலையில் தேவாலய மண்டபத்திலோ பள்ளிக் கூடத்திலோ கூடி, மூன்று நான்கு மாதம் ஒத்திகை பார்த்து, ஊர் அரங்கில் சில நாட்கள் நாடகம் போடுகிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. மாறாக, உறுப்பினர்களே சந்தா கட்டுகிறார்கள். இத்தகைய குழுக்களை ஒருங்கிணைக்கும் நோடா என்ற தேசிய அமைப்பு 1899இல் தொடங்கப்பட்டது. இந்த வழக்கம் நமக்கும் அந்நியமானது அன்று. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1891இல், பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்து உத்தியோகம் பார்ப்பவர்களும் மேடையேறலாம் என்று நிறுவிக் காட்டினார்.

குழந்தைப் பாத்திரங்கள் நிறைந்த நாடகம் ஒன்றை ஊர்க் குழு எடுக்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆர்வத்தோடு போய்ச் சேர்கிறார்கள். பெற்றோரோ பிள்ளையை மண்டப வாசலில் இறக்கிவிட்டு, ஒத்திகை முடியும் வரை காரிலேயே காத்திருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை உள்ளே போய்ப் பாடுவதில் செலவிடலாமே என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஒத்திகை அறைக்குள் நுழைந்த பிறகு உங்கள் பிள்ளைக்கு நீங்கள் ஒரு சக நடிகர். அவருக்குக் கற்றுக்கொடுக்க இயக்குநர் இருக்கிறார். பார்த்துக்கொள்ள வேறொருவர் இருக்கிறார். இதை ஏற்றுக்கொள்ளும் பெற்றோருக்கு இந்த அனுபவம் மிக நன்றாக அமைகிறது. ஏற்க முடியாதவர்கள் தாமும் தவித்துப் பிள்ளையையும் தவிக்க விடுகிறார்கள்.

முதலில் நாடகத்தைப் பாருங்கள்

எல்லா நாடகமும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நடிக்க ஏற்றதாக இராது. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தில் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்களுக்குக் கன்னியாஸ்திரீகளின் கோரஸ், அதாவது கூட்டமாகப் பாடும் அணி, இருக்கிறது. ஆனால் இவ்விரு கூட்டமும் மேடையில் சந்திக்கும் காட்சிகள் மிகச் சில. ஒரே நாடகத்தில் இருந்தும் தாயும் பிள்ளையும் பெரும்பாலும் வெவ்வேறு நேரத்தில்தான் மேடையில் நிற்பார்கள். 'ஆலிவர்!' அப்படியில்லை. சிறுவர்களும் லண்டன் தெருவின் பெரியவர்களும் ஒரே பாட்டில் கலந்து ஆடும் காட்சிகள் அதில் உண்டு. ஆண்களுக்கும் நிறைய இடம் இருக்கிறது. அப்பாவாக இருந்தால் உங்களை இரு கை நீட்டி வரவேற்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெச்சூர் குழுக்கள் பலவற்றில் ஆண் குரலுக்குப் பஞ்சம்.

நாடகத்தை அறிவித்ததும் குழு ஓர் அறிமுக மாலை வைக்கும். அதற்குப் போய்ச் செயலாளரிடம் கேட்க வேண்டியவை சில உள்ளன. பிள்ளைகளுக்குக் குறைந்தபட்ச வயது என்ன, பெரியவர்களின் கோரஸும் பிள்ளைகளும் சேர்ந்து வரும் காட்சிகள் எத்தனை, பிள்ளைகளை ஒரே அணியாக எடுக்கிறார்களா அல்லது இரண்டு அணியாகப் பிரித்து மாறி மாறி மேடையேற்றுகிறார்களா, சந்தாவும் நாடகக் கட்டணமும் சேர்ந்து இருவருக்கும் எவ்வளவு ஆகும் என்று தெளிவாகக் கேளுங்கள். காலணி, காலுறை, ஒப்பனைப் பொருள் போன்றவற்றை நாமே வாங்க வேண்டியிருக்கும். சொந்தக்காரர்களுக்கு இலவச நுழைவுச்சீட்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அரங்க வாடகைக்கும் இசைக்குழுவுக்கும் நாடக உரிமைக்கும் ஆகும் செலவு சீட்டு விற்பனையிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், ஒவ்வோர் உறுப்பினரும் சீட்டு விற்றுத் தர வேண்டும் என்றே குழு எதிர்பார்க்கும்.

விண்ணப்பமும் நாட்காட்டியும்

விண்ணப்பப் படிவத்தில் உங்களால் வர முடியாத நாட்களை எழுதச் சொல்வார்கள். இதை உண்மையாக நிரப்புங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் திட்டம், உறவினர் திருமணம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மே மாதத்தில் வரும் சாட்ஸ் தேர்வு, பரதநாட்டிய வகுப்பின் ஆண்டு விழா ஆகிய எல்லாவற்றையும் குறிப்பிட வேண்டும். தேர்வான பிறகு சொன்னால் இயக்குநர் ஒரு காட்சியையே மாற்றி அமைக்க நேரிடும்.

இன்னொரு சிக்கல் நேரம். பிள்ளைகளின் ஒத்திகை மாலை ஏழு மணியளவில் தொடங்கி எட்டு, எட்டரைக்கு முடியும். பெரியவர்களுக்கு அதன் பிறகும் ஒரு மணி நேரம் வேலை இருக்கும். அந்த இடைவெளியில் பிள்ளையை யார் வீட்டுக்கு அழைத்துப்போவது என்பதைப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். வாழ்க்கைத் துணையோ தாத்தா பாட்டியோ வர முடியுமானால் பிரச்சினை இல்லை. யாரும் இல்லையென்றால் குழுவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளை மண்டபத்தின் மூலையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்குவது ஒருநாள் பார்க்க நன்றாக இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், மறுநாள் பள்ளியோடு, அது நடக்கக் கூடாது.

தேர்வு நாள்

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடிகர் தேர்வு தனித்தனியாக நடக்கும். முதன்மைப் பாத்திரம் வேண்டாம், கோரஸ் போதும் என்பவர்களைச் சில குழுக்கள் தேர்வே இல்லாமல் சேர்த்துக்கொள்கின்றன. சில குழுக்கள் ஒரு சிறு பகுதியைப் பாடச் சொல்லிக் குரலைக் கேட்கின்றன. பிள்ளைகளைக் கூட்டமாகப் பாடவும் ஆடவும் வைத்து, பிறகு ஒவ்வொருவரையும் சில வரிகள் பேசச் சொல்வார்கள். பிள்ளைகளின் தேர்வில் திறமையோடு உயரமும் கணக்கில் வரும். அண்ணன் தம்பியாக வரிசையில் நிற்க வேண்டிய பாத்திரங்களுக்கு உயரம் பொருந்தாவிட்டால் நன்றாகப் பாடும் பிள்ளையும் தேர்வாகாமல் போகலாம். இதை முன்கூட்டியே பிள்ளைக்கு விளக்கிவிடுங்கள். நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தின் ஆஸ்திரியக் குடும்பத்தில் நம் பிள்ளை எப்படிப் பொருந்துவான் என்று தயங்கிப் பின்வாங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இன்று பல குழுக்கள் நிறம் பாராமல்தான் பாத்திரம் கொடுக்கின்றன. அவர்கள் முடிவு செய்ய வேண்டியதை நீங்களே முடிவு செய்து விலகிவிடாதீர்கள்.

ஒருவர் தேர்வாகி மற்றவர் தேர்வாகாவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத் தேர்வுக்கு முன்பே பதில் வேண்டும். பிள்ளைக்கு இடம் கிடைத்து உங்களுக்குக் கிடைக்காவிட்டால் ஒப்பனை, உடை, அரங்க அமைப்பு என்று செய்ய எவ்வளவோ வேலை இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்துப் பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால்தான் கடினம். ஆசைப்பட்டு முதலில் கேட்டவர் பிள்ளை என்றால், அந்த முறை நீங்களும் விலகிக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

குரலைப் பழக்குதல்

கர்நாடக இசை கற்றவர்களுக்கும், கற்காமல் கேட்டே வளர்ந்தவர்களுக்கும் இங்கே இரண்டு தடைகள் வரும். முதலாவது சுருதி. நம் முறையில் பாடுபவர் தம் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தாமே வைத்துக்கொள்கிறார். பெண்கள் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள், ஆண்கள் பலர் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். இசை நாடகத்தில் அது அச்சிட்டு வந்துவிடுகிறது. இசைக்குழுவின் அத்தனை வாத்தியங்களுக்கும் அதே சுருதியில் தாள்கள் வருவதால், ஒருவருக்காக ஏற்றவோ இறக்கவோ முடியாது. எனவே முதல் பாட்டு ஒத்திகையிலேயே இசை இயக்குநரிடம் சென்று, எந்தக் குரல் பிரிவில் நிற்பது உங்களுக்கு இயல்பாக இருக்கும் என்று கேளுங்கள். அவர் பியானோவில் சில ஸ்வரங்களைத் தட்டி, எங்கே குரல் திணறுகிறது என்று பார்த்து, பெண்களானால் மேல்குரலான சொப்ரானோ அல்லது கீழ்க்குரலான ஆல்ட்டோ, ஆண்களானால் மேல்குரலான டெனர் அல்லது கீழ்க்குரலான பாஸ் என்று சொல்லிவிடுவார்.

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. நாம் கூட்டமாகப் பாடினால் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். இங்கே ஆல்ட்டோ பிரிவில் நின்றால், பக்கத்தில் இருப்பவர்கள் காதுக்குப் பழகிய மெட்டைப் பாடும்போது நீங்கள் அதற்குக் கீழே வேறொரு வரியைப் பாட வேண்டும். முதல் சில வாரம் காது தானாகவே மெட்டின் பக்கம் இழுக்கும். இதற்கு நல்ல மருந்து ஒன்றே: உங்கள் பிரிவுக்கு இசை இயக்குநர் பியானோவில் வாசித்துக் காட்டும்போது அவர் அனுமதியோடு கைபேசியில் பதிவு செய்துகொண்டு, சமைக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருங்கள். மெட்டைக் கேட்காதீர்கள், உங்கள் வரியை மட்டும் கேளுங்கள். மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். கோரஸில் நிற்பவர்களில் பலருக்கும் அது முழுதாகத் தெரியாது. புள்ளிகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே பழகிவிடுகிறார்கள். கமகம் இல்லாமல் ஸ்வரத்தை நேராக நிறுத்திப் பாடுவதற்கும், சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எல்லோரோடும் ஒரே கணத்தில் முடிப்பதற்கும் தனியாகப் பயிற்சி எடுங்கள்.

பிள்ளைகள் இதையெல்லாம் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் பிள்ளை உங்களைத் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள். அவர் கேட்காமல் நீங்கள் அவரைத் திருத்துவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

உரிமமும் பொறுப்பாளரும்

சட்டப்படியான இந்தப் பகுதியைப் பெற்றோர் பலரும் குழுவின் தலையிலேயே போட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை, ஏனென்றால் சரியான தகவல் உங்களிடம்தான் இருக்கிறது. கட்டாயப் பள்ளிப் படிப்பை முடிக்காத பிள்ளை, கட்டணம் வாங்கும் நிகழ்ச்சியில் மேடையேறினால், உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும் என்பது இங்கிலாந்தின் பொது விதி. அதன் வேர் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது, நடைமுறை விவரங்கள் 2014ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் உள்ளன. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி விதிகள் உண்டு.

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. பிள்ளைக்குச் சம்பளம் இல்லை, பள்ளிக்கு விடுப்பும் எடுக்கவில்லை, கடந்த ஆறு மாதத்தில் இத்தகைய நிகழ்ச்சிகளில் மூன்று நாட்களுக்கு மேல் மேடையேறவில்லை என்றால், நான்காவது நாள் வரை உரிமம் தேவைப்படாது. புதன் முதல் சனி வரை நடக்கும் நாடகம் சரியாக நான்கு நாட்கள் என்பதைக் கவனியுங்கள். நம் குடும்பங்கள் சறுக்கும் இடம் இதுதான். உங்கள் மகள் இரண்டு மாதத்துக்கு முன் நுழைவுச்சீட்டு விற்று நடத்திய நடன விழாவில் ஆடியிருந்தால் அந்த நாளும் கணக்கில் சேரும். பள்ளியே நடத்தும் நாடகம் சேராது. தனியார் நடன வகுப்பின் விழாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. எனவே கடந்த ஆறு மாதத்தில் பிள்ளை மேடையேறிய எல்லா நாட்களையும் எழுதிக் குழுவிடம் கொடுங்கள். சில குழுக்கள் தனித்தனி உரிமத்துக்குப் பதிலாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஓர் ஒப்புதலை மன்றத்திடம் பெற்றிருக்கும். அப்போதும் இந்தத் தகவலைக் கொடுத்துவிடுவது நல்லது.

உரிமத்துக்கு விண்ணப்பிப்பது குழு. கையெழுத்திடுவதும் பிறப்புச் சான்றிதழின் நகலையும் புகைப்படத்தையும் கொடுப்பதும் நீங்கள். முதல் நிகழ்ச்சிக்கு 21 நாட்களுக்குள்ளாகப் போய்ச் சேரும் விண்ணப்பத்தை மன்றம் மறுக்கலாம் என்பதால், படிவம் கைக்கு வந்த அன்றே நிரப்பித் திருப்பிக் கொடுங்கள். உரிமம் பெற்ற பிள்ளை 5 முதல் 8 வயதுக்குள் இருந்தால் நாளொன்றுக்கு 8 மணி நேரமும், 9 வயது முதல் 9½ மணி நேரமும்தான் அரங்கில் இருக்கலாம். இரவு 11 மணிக்கு மேல் இருக்கக் கூடாது. சனிக்கிழமை பகல் காட்சியும் இரவுக் காட்சியும் இருக்கும்போது இந்த வரம்பு முக்கியமாகிறது.

இனி ஷாப்பரோன் என்று அழைக்கப்படும் பொறுப்பாளரைப் பற்றி. மன்றத்தின் ஒப்புதல் பெற்ற இவர், ஒரு நேரத்தில் அதிகபட்சம் 12 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். பெற்றோர் தம் சொந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த ஒப்புதல் தேவையில்லை. ஆனால் நீங்கள் உடை மாற்றிக்கொண்டும், மேடையில் பாடிக்கொண்டும், பக்கத் திரைக்குப் பின்னால் உங்கள் நுழைவுக்குக் காத்துக்கொண்டும் இருக்கும்போது பிள்ளையை உங்களால் பார்த்துக்கொள்ள முடியாது. ஆகவே நடிக்கும் பெற்றோரின் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போலவே பொறுப்பாளரிடம்தான் இருக்க வேண்டும். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளின் ஒப்பனை அறைக்குள் பெரியவர்கள் யாரும் நுழையக் கூடாது என்ற விதி உங்களுக்கும் பொருந்தும். அங்கே வேறு வீட்டுப் பிள்ளைகளும் உடை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றாலும் கதவைத் தட்டிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். உணவு ஒவ்வாமை, மருந்து, பிள்ளை பயந்தால் எப்படி அமைதியாவார் என்பது போன்ற விவரங்களை அவரிடம் எழுத்தில் தந்துவிடுங்கள்.

ஒத்திகை மாதங்கள்

முதலில் பாட்டு, பிறகு யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்ற அசைவு, அதன் பிறகு நடனம் என்பதுதான் வழக்கமான வரிசை. வாடகைக்கு வந்த பிரதிகளை நாடக உரிமை வழங்கும் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதால் பென்சிலால் மட்டுமே குறிப்பெழுதுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு பிரதியைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று இயக்குநர் அறிவிப்பார். அதற்கு ஒரு வாரம் முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

நாடகத்தை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், முடிவில் இயக்குநர் எல்லோரையும் உட்காரவைத்துக் குறைகளைச் சொல்வார். உங்கள் பிள்ளையின் பெயர் வரும்போது தலையைத் திருப்பி அவரைப் பார்க்காதீர்கள். விளக்கம் சொல்ல எழாதீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அதே குறையை மறுபடி எடுக்காதீர்கள். பிள்ளை அதை ஒருமுறை கேட்டுவிட்டார். திருத்திக்கொள்வதற்கான இடம் அடுத்த ஒத்திகை. உங்கள் பிள்ளைக்குக் கிடைத்த வரியையும் இன்னொரு பிள்ளைக்குக் கிடைத்த வரியையும் எண்ணி ஒப்பிடுவதும் குழுவுக்குள் கசப்பை விதைக்கும். மற்றப் பெற்றோரைவிட உங்களுக்கு இயக்குநரோடு நெருக்கம் அதிகம் என்பதாலேயே உங்கள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரவே கூடாது.

பெற்றோர் நடிகர்களிடம் மட்டும் காணப்படும் ஒரு பழக்கத்தையும் ஒத்திகையிலேயே களைந்துவிட வேண்டும். பிள்ளை வசனம் பேசும்போது, கோரஸில் பின்வரிசையில் நிற்கும் தாயின் உதடுகளும் சேர்ந்து அசையும். அவருக்கே அது தெரியாது. மூன்றாம் வரிசைப் பார்வையாளருக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் உங்கள் பாத்திரம் எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டு, கண்ணை அங்கே நிறுத்துங்கள். உதடு தானாக அடங்கும். பிள்ளை வசனத்தை மறந்தாலும் நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எதிரில் நிற்கும் நடிகர் அடுத்த வரிக்குத் தாவி நிலைமையைச் சரிசெய்வார். அதற்காகத்தான் இத்தனை வார ஒத்திகை.

நாடக வாரம்

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அரங்குக்குள் பொருட்களை ஏற்றுவார்கள். திங்கட்கிழமை ஒளி, ஒலிக்கான தொழில்நுட்ப ஒத்திகை. அன்று நாடகம் நிறுத்தி நிறுத்தித்தான் ஓடும், யாரும் நடிப்பைப் பற்றிப் பேச மாட்டார்கள், பொறுமை ஒன்றுதான் தேவை. செவ்வாய்க்கிழமை முழு உடையோடு ஒத்திகை, புதன்கிழமை முதல் காட்சி. இந்த வாரத்தில் வேறு எந்த வகுப்பையும் பிள்ளைக்கு வைக்காதீர்கள். முடிந்தால் நீங்களும் அலுவலகத்தில் ஓரிரு நாள் விடுப்பு எடுங்கள்.

நேரக் கணக்கு ஒன்றைப் புதியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். இரவு 7.30க்குத் திரை விலகுமென்றால் அரை மணி அழைப்பு 6.55க்கும், கால் மணி அழைப்பு 7.10க்கும், ஐந்து நிமிட அழைப்பு 7.20க்கும் வரும், முதல் காட்சியில் இருப்பவர்களை 7.25க்கு மேடைக்கு அழைப்பார்கள். ஒவ்வோர் அழைப்பும் பெயரைவிட ஐந்து நிமிடம் முன்னதாகவே வருகிறது. அரை மணி அழைப்புக்கு முன் நீங்கள் இருவரும் கையெழுத்திட்டு உள்ளே இருக்க வேண்டும்.

உணவை உடை மாற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இட்லியோ தயிர்சாதமோ வீட்டிலேயே கொடுத்துவிடலாம். வாடகை உடையில் சாம்பார் கறை பட்டால் அதற்கான பணம் குழுவிடம்தான் கேட்கப்படும். உடையோடு இருக்கும்போது தண்ணீர் மட்டும் போதும். அரங்குக்குக் கொண்டுவரும் தின்பண்டத்தில் கடலை, முந்திரி எதுவும் வேண்டாம். குழுவின் ஒப்பனைப் பெட்டியில் நம் தோலுக்குப் பொருந்தும் நிறம் இல்லாமல் போகலாம் என்பதால், இருவருக்கும் பொருத்தமான ஃபவுண்டேஷனை நீங்களே வாங்கி வையுங்கள். 'தோல் நிறம்' என்று பட்டியலில் எழுதியிருக்கும் காலுறைக்கும் இது பொருந்தும். உங்கள் தோலின் நிறத்தில் வாங்கலாமா என்று உடைப் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

பக்கத் திரைக்குப் பின்னால் பேச்சு கூடாது. மேசையில் நாடா ஒட்டி அடையாளமிட்டு வைத்திருக்கும் பொருள்களில் உங்களுடையதை மட்டும் எடுத்து, அதே கட்டத்தில் திருப்பி வையுங்கள். இருட்டில் பிள்ளை உங்களைக் கடந்து மேடைக்குப் போகும்போது தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். கையை நீட்டாதீர்கள், அவர் கன்னத்தில் மைக் ஒட்டியிருக்கலாம், மனம் முதல் வரியில் இருக்கும்.

காட்சி முடிந்ததும் முதலில் நீங்கள் உடை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு பொறுப்பாளரின் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் பிள்ளையை அழைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளைகள் இருக்கும் படத்தை அவர்களுடைய பெற்றோரின் அனுமதி இல்லாமல் எங்கும் பகிர வேண்டாம். காட்சியைப் பதிவு செய்வதை நாடக உரிமை நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதால், ஊரிலிருக்கும் பாட்டிக்கு அனுப்ப வேண்டும் என்றாலும் பார்வையாளர் வரிசையில் இருக்கும் உறவினரிடம் கைபேசியைத் தூக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை இரவு கடைசிக் காட்சி முடிந்தவுடன் அரங்கைக் காலி செய்யும் வேலை தொடங்கும். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் இருந்து ஒரு கை கொடுங்கள். புதிய உறுப்பினரைக் குழு தன்னவராக ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் அந்த இரவில்தான். அடுத்த வாரத்தில் இரண்டு பிரதிகளிலும் உள்ள பென்சில் குறிப்புகளை அழித்துத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளை மேடையேறிய தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மே மாதம் நாடகம் முடிந்து, அக்டோபரில் நுழைவுச்சீட்டு விற்கும் நவராத்திரி நிகழ்ச்சியில் பிள்ளை ஆடப் போகிறார் என்றால், அந்த நிகழ்ச்சியை நடத்துபவர்களுக்கு இந்த நான்கு நாட்களின் கணக்கை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.